பிஸ்டலுக்கு எண்ணெய்க் குளியல்

சென்ற மாதம் ஹட்டனில், தோட்டத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் கூடி மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். இப்போது வேலையில் இருக்கும் இளைஞர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் சுரேஷ் என்ற பிட்டர் எழுந்து பேசும்போது இப்படிச் சொன்னார்:

"நம்ம பெரியவங்க லேசுப்பட்டவங்க இல்ல. தொரைமாரோட பிஸ்டலுக்கு மொதல்ல தேங்காண்ண தேய்ப்பாங்களாம். அப்புறம் பீலியில குளிப்பாட்டுவாங்களாம். அதுக்கப்புறம்தான் திருப்பிக் குடுப்பாங்களாம். துப்பாக்கிக்கே தீவாளி கொண்டாடுன ஆளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீர் குடிக்கும்போது அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து, "அது என்னா சாமிக்குங்க நேத்திக்கடன்?" என்று மரியாதையாகவே கேட்டார். "சாமிக்கு இல்ல தம்பி, குளிருக்கு" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த எண்ணெய்க் குளியலைத் தொடங்கியவன் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன். எண்ணெய் தேய்த்தது உண்மை. மலைத்தண்ணீர் விழும் பீலித் தொட்டியில் வைத்ததும் உண்மை. 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, 1965இல் பட்டறையில் பிஸ்டல் பழுதுபார்த்த மேசை எடுக்கப்படும் வரை, பிஸ்டலின் உள்சாமானில் கை வைத்த ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்தோம். நேர்த்தி, பூசை எதுவும் அதில் இல்லை.

நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் 1948இல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆண்டை எங்கள் பக்கத்தில் யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனோம். அப்படி ஆனவனுக்கு வேலையும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவனுக்குத் தந்த காம்பராவும் ஒன்றுதான். வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும், அவனோடு இருக்கும் அம்மா, பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தெருவுக்கு வருவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி வேறு.

முதல் சில ஆண்டுகள் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பித்தளைப் புஷ் மாற்றுவது, பெல்ட் தைப்பது, எஞ்சினுக்குக் கீழே படுத்துக் கிடப்பது. எல்லாப் பிட்டர்களும் கடந்ததுதான். எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் பட்டறைக்குத் தலைவர் ஆரிஸ் பாஸ். கண்டிப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு பேசிப் பேசி எங்கள் தமிழையே பேசுவார், ஆனால் வார்த்தைகளைச் சுருக்கிவிடுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே கேள்வி: "எந்த எடம்?"

"பாஸ், ரோலர்ல சத்தம் வருது" என்று டீமேக்கர் ஐயா ஓடி வருவார். இவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எந்த எடம்?" என்பார். ஏன் வருகிறது, எப்போதிலிருந்து வருகிறது, யார் கெடுத்தது என்று எதுவும் கேட்க மாட்டார். இடத்தைக் காட்டினால் எழுந்து வருவார். காட்ட முடியாவிட்டால், "சரி, போய்ப் பாத்துட்டு வா" என்று உட்கார்ந்திருப்பார். அவர் சம்சாரம் வயிற்று வலி என்று சொன்னபோதும் அதையே கேட்டு, அகப்பையால் அடி வாங்கினார் என்று ரோலர் மாடசாமி ஒரு கதை வைத்திருந்தான். பாஸ் அதை மறுத்ததில்லை.

பிஸ்டல்கள் எங்களிடம் வந்தது 1953 வாக்கில். நுவரெலியாவில், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் தொரைமாருக்கு ஒரு துப்பாக்கிக் கழகம் இருந்தது. சனிக்கிழமை காலைகளில் காகித வட்டங்களைப் பார்த்து நின்ற நிலையில், ஒரு கையால் சுடுவார்கள். வேட்டை கிடையாது, பந்தயமும் பெரிதாகக் கிடையாது, கோல்ஃப் மாதிரி ஒரு பொழுதுபோக்கு. அதற்கென்று செய்த நீளக் குழல் பிஸ்டல்கள். ஒரு தடவைக்கு ஒரு ரவைதான், குழலின் பின்பக்கத்தைத் திறந்து போட்டு மூட வேண்டும். வருடக்கணக்கில் சுட்டால் உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள் தேயும். சீமையிலிருந்து மாற்றுச் சாமான் வரவழைக்கலாம், ஆனால் அது அப்படியே பொருந்தாது. வேண்டுமென்றே கொஞ்சம் பருமனாகச் செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு கை அதை அராவிப் பொருத்த வேண்டும்.

எங்கள் பெரிய தொரை தன்னுடையதை ஆரிஸ் பாஸிடம் கொண்டு வந்தார். பாஸ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "எனக்கு கை பெருசு தொரை, கண்ணு சிறுசு. ராமையாவுக்கு ரெண்டும் திருப்பி." அப்படித்தான் அந்த மேசை என்னுடையதானது.

முறைகள் கண்டிப்பானவை. லைசன்ஸ் வைத்திருப்பவரே பிஸ்டலைக் கொண்டு வந்து, குழல் காலி என்று காட்டித் தர வேண்டும். ரவை ஒன்றுகூடத் தொழிற்சாலைக்குள் வரக் கூடாது. வேலை முடியாத நாட்களில் பிஸ்டல் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும், சாவி பெரிய கிளார்க் ஐயாவிடம். என் மேசை ட்ரையர் அடுப்புக்கு அடுத்த சுவரோரம் இருந்தது. தொழிற்சாலையிலேயே சூடான மூலை அதுதான். விரல் விறைக்காமல் அரம் பிடிக்கலாம் என்று பாஸ் அந்த இடத்தைத் தந்தார். இந்த மூலையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

பொருத்துவது எப்படி என்றால், புதுச் சாமானைக் குப்பி லாம்பின் சுடருக்கு மேலே காட்டிக் கரி பிடிக்க வைப்பேன். கரி பிடித்ததை அதன் இடத்தில் வைத்து, ஒரு தடவை அசைத்து, வெளியே எடுப்பேன். எங்கே கரி அழிந்து உலோகம் பளிச்சென்று தெரிகிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்தப் பளிச்சென்ற புள்ளியை மட்டும் சின்ன அரத்தால் தொட வேண்டும். தொட்டதும் துடைத்து, மறுபடி கரி, மறுபடி அதே. கடைசிக் கட்டத்தில் அரமும் கூடாது, எண்ணெய் விட்டுத் தேய்க்கும் ஒயில் கல் மட்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

முடிந்ததும் பாஸ் வருவார். கொய்யாக் கட்டையில் செய்த சின்னச் சுத்தியல் ஒன்று அவரிடம் இருந்தது. காலிப் பிஸ்டலில், ரவையை அடிக்கும் குதிரையை இழுத்து நிறுத்தி, மேலே, கீழே, பின்னால், பக்கத்தில் என்று அந்தக் கட்டையால் தட்டுவார். விசையைத் தொடாமல் குதிரை விழக் கூடாது. விழுந்தால் பிஸ்டலைத் திரும்ப என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். விழாவிட்டால் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். இரண்டுக்கும் அவர் முகம் ஒன்றுதான்.

1960 கடைசியில் தொரையின் பிஸ்டலுக்குப் புதுக் கொக்கி வந்தது. கொக்கி என்று நாங்கள் சொன்னது, இழுத்து நிறுத்திய குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன இரும்புத் துண்டு. ஒரு ஆணியில் ஆடும். விசையை அழுத்தினால் அது விலகும், குதிரை விழும், பிஸ்டல் வெடிக்கும். அது சரியாகப் பிடிக்காவிட்டால் பிஸ்டல் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். அந்தப் பிஸ்டலில் உயிரைக் காக்கும் சாமான் அது ஒன்றுதான்.

அதைப் பொருத்தியது என் கையின் நல்ல காலம். ஆணியிலும் பக்கங்களிலும் அது அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் கோடுகூடத் தெரியவில்லை. ஆனாலும் தங்கு தடையில்லாமல் ஆடியது. பாஸ் சுற்றிச் சுற்றித் தட்டினார். குதிரை அசையவில்லை. தொரை அதை எடுத்துக்கொண்டு போய், வெயில் நேரத்தில் பங்களாவுக்குப் பின்னால் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தார். "ராமையா, பட்டு மாதிரி இருக்குது" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

ஜனவரியில், தை பிறந்து முதல் சனிக்கிழமை, நுவரெலியாவிலிருந்து தொரையின் ஜீப் நேராகத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தது. அவர் இறங்கிய விதத்திலேயே ரோலர்களுக்குப் பின்னால் ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். எங்கள் தொரை ஆறடிக்கு மேலே, கோபம் வந்தால் இன்னும் நீளமாவார், அவருடைய அரைகுறைத் தமிழ் இன்னும் குறையும்.

"ராமையா! என்னா வேல செஞ்சது நீ?"

"என்னாங்க தொரை?"

"ரவை போட்டு மூடினது. வெரல் விசையில இல்ல. படீர்! பக்கத்து தொரையோட சப்பாத்துக் கால் பக்கத்துல பலகையில ஓட்டை! கால் போயிருக்கும்!"

பாஸ் பிஸ்டலை வாங்கி, காலிதானா என்று பார்த்து, குதிரையை இழுத்து நிறுத்தித் தட்டினார். விழவில்லை. தொரை தானே தட்டிப் பார்த்தார். விழவில்லை. அது அவர் கோபத்தைக் கூட்டியது.

"இங்க நல்ல பிள்ளை. அங்க பேய். கொழும்புக்கு அனுப்பும். நீ ராமையா, இனிமே பெஞ்சு வேல இல்ல. கொழுந்து மாடிக்கு போ. இன்னொரு தடவ இந்த மாதிரி வேல செஞ்சா, தோட்டத்துலயே வேணாம்."

கொழுந்து மாடி என்பது பச்சைத் தேயிலையை வாட்டப் பரப்பும் மேல்தளம். அங்கே கூடை சுமப்பது கேவலம் இல்லை, என் அப்பா சுமந்தார். ஆனால் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்குக் காம்பராவும் போகும் என்று அர்த்தம். அந்த வருடம் என் மூத்தவளுக்கு இரண்டு வயது. அம்மாவும் எங்களோடு இருந்தார்.

பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தொரை, ஒரு கிழமை குடுங்க. எந்த எடம்னு தெரியாம கொழும்புக்கு அனுப்பினா, அவங்களும் இதயே தட்டிப் பாத்து, நல்லாதான் இருக்குன்னு திருப்பி அனுப்புவாங்க. பொறகு மறுபடி வெடிக்கும்."

தொரை நியாயத்துக்குக் காது கொடுக்கிறவர். "ஒரு கிழமை" என்றார்.

அந்த வாரம் முழுவதும் பிஸ்டலை அக்கக்காகக் கழற்றித் துடைக்காமலே பார்த்தேன். கெட்டதைத் துடைத்துவிட்டால் கெட்டது எது என்று தெரியாமல் போகும் என்று பாஸ் சொல்லியிருந்தார். கொக்கியின் முனையில் தேய்மானம் இல்லை. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. ஒயில் போட்டிருந்தது, எல்லாம் வழுவழு என்று ஆடியது. இழுத்து நிறுத்துவேன், தட்டுவேன், விழாது. விரல் வீங்கும் வரை இதையே செய்தேன்.

"பாஸ், என் கொக்கி சரியா இருக்கு. அராவுனது சரி."

"சரியா தப்பான்னு கேக்கல. எந்த எடம்?"

"எடமே இல்ல பாஸ்."

"எடம் இல்லாம வெடிக்காது."

மாடசாமி கூடைகளைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் என் மேசையருகில் நிற்பான். "என்னா பிட்டரே, மாடிக்கு எப்ப வாறீங்க? தோளு காச்சுப் போகும், இப்பவே ரெண்டு மூட்ட தூக்கிப் பழகிக்கங்க."

"வாறேன்டா. வந்து ஒன் ரோலர்லயே ஒன்ன அரைக்கிறேன்."

"அரைங்க, அரைங்க. மொதத் தரத் தூளு கெடைக்கும்."

நான் எப்போதும் கையில் கிடைத்ததைப் படிக்கிறவன். குளிரில் இரும்பு சுருங்கும் என்று படித்திருந்தேன். அதனால் இருக்குமோ என்று யோசித்தேன். ஆனால் கொக்கி சுருங்கினால் ஆணியும் சுருங்கும், எல்லாம் ஒரே இரும்பு. அந்த வழி அடைபட்டது. காலையில் வீட்டில் என் மனைவி வழக்கம்போலத் தலைக்கு வைக்கும் எண்ணெய்க் குப்பியை அடுப்போரம் சாய்த்து வைப்பாள், உருகுவதற்கு. அதை அந்த வாரம் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் தொரையை மறித்தேன்.

"தொரை, நாளைக்கு என்னையும் நுவரெலியா கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? சுடுறதுக்கா?"

"பாக்குறதுக்கு. இங்க அது கெட்டுப் போக மாட்டேங்குது. கெட்டுப் போற எடத்துல பாத்தாதான் தெரியும்."

"பின்னால குந்து. அப்பு கூட."

அப்பு என்று சொல்வது பங்களாச் சமையற்காரரை. எங்கள் தோட்டத்து அப்பு சவரிமுத்து அண்ணன், ஐம்பது வயது மனிதர், பிள்ளைகள் நிறைய. பங்களாவில் சமையல், சப்பாத்துத் துடைப்பது, பிஸ்டல் துடைப்பது எல்லாம் அவர் வேலை. மறுநாள் விடிகாலையில் அவரும் நானும் ஜீப்பின் பின்னால் டிபன் கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். தலவாக்கலை தாண்டியதும் மூடுபனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏன்டா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்ச வச்சிருக்க?"

"சும்மா இருங்கண்ணே. பயமா இருக்கு."

"ஒனக்கு என்னா பயம்? அந்தத் தொரை காலுல்ல போக இருந்துச்சு. இந்தா, கேக்குத் துண்டு. தொரை எண்ணி வச்சது இல்ல, தின்னு."

நுவரெலியாவில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. மிதித்தால் நொறுங்கியது. தொரைமார் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக நின்றார்கள். எங்கள் தொரை தோல் பெட்டியைத் திறந்து, குழல் காலி என்று எனக்குக் காட்டி, பிஸ்டலைக் கையில் தந்தார். பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

குதிரையை இழுத்தேன். மூடினேன். டக்.

விழுந்துவிட்டது. விசையைத் தொடவே இல்லை. மறுபடி இழுத்து மூடினேன். மறுபடி விழுந்தது. எனக்குப் பயம் போய்விட்டது. ஒரு வாரமாகத் தேடியது கடைசியில் கையில் வந்து நின்றதே என்ற சந்தோஷம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

பூதக் கண்ணாடியை எடுத்து உள்ளே பார்த்தபடி மெதுவாக இழுத்தேன். குதிரை பின்னால் போனது. அதைப் பிடிக்க உடனே எழ வேண்டிய கொக்கி, தூக்கக் கலக்கத்தில் எழுகிறவன் மாதிரி பாதியில் நின்றது. முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. ஆணியைச் சுற்றி, பக்கங்களில், மெழுகு மாதிரி ஒரு வெள்ளை. ஊசியால் எடுத்து விரலில் வைத்தேன். வைத்ததும் உருகியது. மூக்கருகே கொண்டு போனேன்.

தேங்காயெண்ணெய்.

நிமிர்ந்தபோது சவரி அண்ணன் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்து வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. நுவரெலியாவில் தேங்காயெண்ணெய் உறையும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மலையில் எந்த வீட்டிலும் சொல்ல வேண்டியதில்லை. ட்ரையர் அடுப்பின் சூட்டில் அது என் மேசையில் நல்ல ஒயில் மாதிரி வழுக்கி என்னை ஏமாற்றியிருந்தது. அதன் வாசத்தையும், தேயிலை வேகும் மணத்துக்கு நடுவில், என் மூக்கு பிடிக்கவில்லை.

அவருக்கும் பங்களாவுக்குப் பின்னால் ஒரு காம்பரா இருந்தது. எனக்கு லயத்தில் ஒன்று. வாயை மூடிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடினால் அடுத்த வாரம் யாருக்காவது கால் போகும். ஆனால் ஆள் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அப்போது பாஸின் கேள்விதான் கை கொடுத்தது. அவர் யார் என்று கேட்டதே இல்லை.

"என்னா?" என்றார் தொரை.

"இந்த எடம் தொரை." கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். "இந்த வெள்ளை. குளிர்ல ஒறஞ்சு கொக்கிய எழும்ப விடல." பிறகு பிஸ்டலை என் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். எடுத்து இழுத்து மூடினேன். விழவில்லை.

அவர் விரலில் எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது. "தேங்காண்ண! யாரு போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க தொரை."

சவரி அண்ணன் தேநீர்க் குடுவையைக் கீழே வைக்காமலே நின்றார். "டின் ஒயில் தீந்து போச்சு. பொங்கலுக்கு மொத நாளு வந்து கேட்டேன். தொரை போன்ல பேசிக்கிட்டே, 'எதாச்சும் போடு அப்பு, போ'ன்னீங்க. நல்ல எண்ணெயாத்தான் போட்டேன். என் சொந்தத்துக்கு வாங்குன எண்ணெய்."

"நான் சொல்லிச்சா?"

"ஆமாங்க தொரை."

சப்பாத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்த அந்த இன்னொரு தொரைதான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய அப்புவைக் கூப்பிட்டு, "நீ என்னா போடுறது? வெண்ணெயா?" என்று கேட்டார். எங்கள் தொரையும் கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

"அப்பு, தேங்காண்ண ஒன் தலைக்கு. துப்பாக்கிக்கு இல்ல. ராமையா, திங்கக்கிழம பெஞ்சுக்கு போ."

அங்கேயே துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். காலை முழுவதும் சுட்டார், ஒரு குறையும் இல்லை. திரும்பும் வழியில் நானுஓயாவில் சவரி அண்ணன் கூடையிலிருந்த மிச்சக் கேக்கை முழுதாக எடுத்து என் மடியில் வைத்தார்.

திங்கட்கிழமை பட்டறைக்குள் கிட்டத்தட்ட ஓடினேன். நடந்ததை எல்லாம் பாஸிடம் கொட்டினேன். அவர் கேட்டு முடித்தார்.

"எந்த எடம்?"

வரைந்து காட்டினேன். ஆணியைச் சுற்றி, இரண்டு பக்கமும்.

"அங்க எவ்வளவு எடம் விட்டிருக்க?"

"ஒண்ணுமே இல்ல பாஸ். காத்துகூடப் போகாது." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப எண்ண ஒறஞ்சா எங்க போவும்?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "எண்ண போட்டது என் தப்பு இல்லையே பாஸ். தொரையே சரின்னுட்டாரு."

"தொரை சரின்னு சொன்னது ஒனக்கு. கொக்கிக்குச் சொல்லல." வெற்றிலையை மடித்தார். "இன்னைக்கு இந்த அப்பு. நாளைக்கு வேற தொரை, வேற அப்பு. ஒருத்தன் நல்லெண்ண போடுவான், ஒருத்தன் ரோலர் கிரீஸ் போடுவான். நீ எல்லா பங்களாவுலயும் போய் குந்திக்கிட்டு இருப்பியா?"

அன்று மதியம் வரை ரோலர் புஷ் ஒன்றை அராவிக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். நான் பொருத்தியது என் மேசைக்கு, அந்தச் சூடான மூலைக்கு. அது வேலை செய்ய வேண்டியதோ உறைந்த புல்லுக்கு மேலே. தப்பு சவரி அண்ணனுடையது என்பது உண்மை. அந்தத் தப்பைத் தாங்காத கொக்கியைச் செய்தவன் நான் என்பதும் உண்மை. யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சரி செய்யாமல் விட மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். காம்பரா பத்திரமாகிவிட்டது. மீதிப் பாதிக் காரணம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

ஆபீசுக்குப் போய்ப் பிஸ்டலைத் திரும்பக் கேட்டேன்.

தொரைக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கு? வேல சரின்னு நான் சொல்லிட்டது."

"நீங்க சொல்லிட்டீங்க தொரை. நான் இன்னும் சொல்லல."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பெரிய கிளார்க் ஐயா பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார். தொரை பைப்பை வாயிலிருந்து எடுத்து, திரும்ப வைத்து, "கொண்டு வந்து குடுக்கும்" என்றார்.

குதிரையைப் பிடிக்கும் முனையை நான் தொடவில்லை. அது சரியாக இருந்தது, அங்கே கை வைத்தால் ஆபத்து. பக்கங்களையும் ஆணித் துளையையும் மட்டும், கரி பிடித்துப் பிடித்து, ஒயில் கல்லால் தளர்த்தினேன். அதிகம் தளர்த்தினால் கொக்கி ஆடும், ஆடினால் பிடி மாறும். குளிருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அதனால் குளிரையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கொண்டு வந்தேன். என் மனைவி, "துப்பாக்கிக்குத் தலை வாரி விடப் போறீங்களா?" என்று கேட்டாள். காலிப் பிஸ்டலின் உள்ளே தாராளமாக எண்ணெய் பூசி, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்து, தொழிற்சாலைக்குப் பின்னால் மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலித் தொட்டியில் டின்னை அமுக்கி வைத்தேன். பெரிய கிளார்க் ஐயா சாவியும் கையுமாக, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பக்கத்திலேயே காவல் நின்று நடுங்கினார். நன்றாகக் குளிர்ந்ததும் எடுத்து இழுத்து மூடினேன். விழுந்தது. மேசைக்குத் திரும்பி, துடைத்து, கரி பிடித்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். அடுத்த காலை மறுபடி பீலி. அன்றும் விழுந்தது. கிளார்க் ஐயா, "ஒன்னால எனக்குச் சளி புடிச்சிருச்சுடா" என்றார். மாடசாமி ரோலர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "பிட்டர் தொரையோட பிஸ்டலுக்கு மொட்ட போட்டுக் காது குத்துறாரு, வாங்க" என்றான். சுரேஷ் தம்பிக்குப் போய்ச் சேர்ந்த கதை அந்த வாயிலிருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும்.

எத்தனை காலை என்று நான் குறித்து வைக்கவில்லை. பிஸ்டலை வாங்கியது முதல் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிற எனக்கு அதுதான் விட்டுப்போன ஒன்று, வேலையில் அவ்வளவு மூழ்கியிருந்தேன். ஒரு காலை, பீலியிலிருந்து எடுத்து இழுத்தபோது உள்ளே வெள்ளை நன்றாக உறைந்திருந்தது. கொக்கி அந்த வெள்ளையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது. மூடினேன். விழவில்லை. வேகமாக மூடினேன். விழவில்லை.

பாஸைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொய்யாக் கட்டையோடு வந்தார். அதற்குப் பின் எங்கள் மேசைக்கு வந்த ஒவ்வொரு பிஸ்டலுக்கும் இதையே செய்தோம். எண்ணெய், டின், பீலி, கட்டை. கழகத்துத் தொரைமார் ஊருக்குக் கப்பலேறி, அந்த மேசை எடுக்கப்படும் வரை அது நிற்கவில்லை. சுரேஷ் தம்பி கேட்ட நேர்த்தி இவ்வளவுதான். நாங்கள் வேண்டிக்கொண்டது ஒன்றுமில்லை, எந்தப் பங்களாவில் எந்த அப்பு எதைப் போட்டாலும் கொக்கி எழும்ப வேண்டும் என்று பார்த்துக்கொண்டோம்.

அன்று பாஸ் பிஸ்டலை என் கையிலிருந்து வாங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டே நிற்க, மேலே தட்டினார். கீழே தட்டினார். பக்கத்தில், பின்னால், நான் எதிர்பாராத ஒரு மூலையில் பலமாக ஒன்று வைத்தார். என் மணிக்கட்டு வலித்தது. குதிரை அசையவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். உறைந்த எண்ணெயை விரலால் தொட்டு, மிச்சத்தைத் தன் தலையில் தடவிக்கொண்டார். கட்டையை இடுப்பில் செருகினார்.

திரும்பி நடந்தார். எந்த இடம் என்று அன்று அவர் கேட்கவில்லை.